பனிக்காலத்தில் பேட்டரி: ஓட்டலாம், ஆனால் குளிர்ந்தபடி சார்ஜ் போடக் கூடாது

நீங்கள் நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஊட்டியிலிருந்து கனடாவில் டொராண்டோவின் ஸ்கார்பரோவுக்குப் படிக்க வந்து இது முதல் குளிர்காலம். டெலிவரிக்கு ஓட்டும் மின்சைக்கிள் அக்டோபர் வரை ஒரு சார்ஜில் 55 கிலோமீட்டர் போனது, இப்போது 35-ஐத் தாண்டவில்லை, பேட்டரி கெட்டுவிட்டதா என்பது ஒன்று. அறையில் உடன் இருப்பவர்கள் தீப்பிடிக்குமோ என்று பயப்படுவதால் பேட்டரியைப் பால்கனியில் வைத்து சார்ஜ் போடுவது சரியா என்பது இரண்டாவது. சித்தப்பாவின் மின்கார் ஜனவரியில் பாதி ரேஞ்ச்தான் காட்டுகிறது, நடுவழியில் நின்றுவிடுமா என்பது மூன்றாவது. ஊட்டியில் அப்பா மின்ஸ்கூட்டர் வாங்கலாமா என்பது கடைசி.

இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன், அவசரம் அதில்தான். பால்கனியில் சார்ஜ் போடுவதை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். மற்ற மூன்றையும் நிதானமாகப் பேசலாம். ரேஞ்ச் குறைந்தது பெரும்பாலும் தற்காலிகம், ஏப்ரலில் தானாகத் திரும்பும். ஆனால் பூஜ்ஜியத்துக்குக் கீழே இருக்கும் பேட்டரிக்குள் மின்சாரத்தை ஏற்றினால் ஏற்படும் சேதம் திரும்பாது. குளிரில் ஓட்டுவது வேறு, குளிரில் சார்ஜ் போடுவது வேறு. இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல்தான் இந்த ஊரில் வருஷா வருஷம் நல்ல பேட்டரிகள் வீணாகின்றன. நான் பேட்டரி பேக்குகளைச் சோதிக்கும் வேலையில் இருப்பவன், வார இறுதியில் மின்சைக்கிள் பழுதும் பார்க்கிறேன். மார்ச் மாதம் வந்தால் என் மேசைக்கு வருகிறவற்றில் நிறைய இந்தக் கதைதான்.

ஏன் அப்படி என்று பார்ப்போம். லித்தியம் அயன் செல்லுக்குள் ஒரு பக்கம் கிராஃபைட் பூசிய தகடு, எதிர்ப் பக்கம் நிக்கல், கோபால்ட் மாதிரி உலோகங்களின் ஆக்சைடு பூசிய தகடு, நடுவில் எலக்ட்ரோலைட் என்ற திரவம். சார்ஜ் ஏற்றும்போது லித்தியம் அயனிகள் அந்தத் திரவத்தைக் கடந்து வந்து கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் நுழைந்து உட்காரும். வண்டி ஓடும்போது அங்கிருந்து கிளம்பி எதிர்ப் பக்கம் போகும். போவதும் வருவதும்தான் பேட்டரியின் மொத்த வாழ்க்கை.

குளிர் இந்தப் போக்குவரத்தை மந்தமாக்குகிறது. மார்கழி மாதத்தில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் இறுகுவதைப் பார்த்திருப்பீர்கள், ஊட்டிக்காரருக்குச் சொல்லவே வேண்டாம். எலக்ட்ரோலைட்டின் முக்கியக் கூறான எத்திலீன் கார்பனேட்டும் அந்த ஜாதிதான். தனியாக வைத்தால் 36 டிகிரி செல்சியஸிலேயே கட்டியாகிவிடும். வேறு கரைப்பான்களோடு கலந்துதான் அதைத் திரவமாக வைத்திருக்கிறார்கள். அந்தக் கலவை மைனஸ் பத்து, மைனஸ் இருபதில் உறைந்து போவதில்லை, ஆனால் கெட்டிப்படுகிறது, அயனிகள் மெதுவாக நகர்கின்றன. தகடுகளின் பரப்பில் நடக்கும் வினைகளும் சுணங்குகின்றன. வெப்பநிலை இறங்கினால் வேதிவினையின் வேகம் கொஞ்சம் கொஞ்சமாக அல்ல, மடங்கு கணக்கில் சரியும் என்பதை 1889-லேயே ஸ்வாண்டே அர்ரேனியஸ் என்ற ஸ்வீடன்காரர் சமன்பாடாக எழுதிவிட்டார். குளிர் நாட்டுக்காரர் என்பதால் இந்தப் பனிக்காலப் பேச்சில் அவர் பெயர் வருவது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

சரி, இரண்டு திசையிலும் மந்தம் என்றால் சார்ஜ் போடுவதில் மட்டும் என்ன விசேஷ ஆபத்து? ஒரு டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் மெதுவாக இறங்கினால் பஸ் தாமதமாகும், அவ்வளவுதான். உள்ளே இருப்பவர்கள் நகர்ந்து இடம் விடாதபோது, ஏறுகிற கூட்டத்தைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருந்தால் படிக்கட்டில் ஆட்கள் தொங்குவார்கள். குளிர்ந்த கிராஃபைட்டின் வாசலில் நடப்பது இதுதான். உள்ளே நுழைய முடியாத லித்தியம் கிராஃபைட்டின் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடுகிறது. லித்தியம் முறையாக உள்ளே புகுவதற்கான மின்னழுத்தத்துக்கும், வெளியிலேயே உலோகமாகப் படிவதற்கான மின்னழுத்தத்துக்கும் இடையில் ஏறக்குறைய 0.1 வோல்ட்தான் இடைவெளி. குளிரில் சார்ஜரை இணைத்தால் அந்தச் சின்ன இடைவெளி சுலபமாகக் கரைந்துவிடும்.

படிந்த உலோகத்தில் கொஞ்சம் அடுத்த ஓட்டத்தின்போது திரும்பக் கரையும். மிச்சம் எலக்ட்ரோலைட்டோடு வினைபுரிந்து செத்த லித்தியமாக அங்கேயே கிடக்கும். அது உங்களுக்கு இனி ஒரு கிலோமீட்டர்கூடத் தராது. சில இடங்களில் அந்தப் படிவு முள்முள்ளாக வளர்ந்து நடுவில் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் சவ்வைக் குத்தினால் செல்லுக்குள்ளேயே ஷார்ட் சர்க்யூட். உங்கள் அறை நண்பர்கள் பயப்படும் தீ அங்கிருந்து கிளம்பலாம். தீக்குப் பயந்து பால்கனிக்கு அனுப்பிய பேட்டரி, அந்தப் பால்கனி காரணமாகவே ஆபத்தானதாக மாறி, ஒருநாள் மழைக்கோ திருட்டுக்கோ பயந்து மறுபடி வீட்டுக்குள் வரும். அதை நினைத்தால்தான் எனக்குப் பதறுகிறது.

போன மார்ச்சில் ஒரு பையன் 48 வோல்ட் பேட்டரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாங்கி ஏழு மாதம்தான். வெளியே ஒரு கீறல் இல்லை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தினமும் இரவு, சூடாக்காத கராஜில் சார்ஜ் போட்டிருக்கிறார். முழுசாக ஏற்றி, என் மேசையில் இருக்கும் டெஸ்டரில் மெதுவாக இறக்கி அளந்தேன். 13 ஆம்பியர் மணி என்று எழுதியிருந்த பேட்டரி 8.4-ல் நின்றுவிட்டது. பதின்மூன்று செல் வரிசைகளில் பெட்டியின் ஓரச் சுவரை ஒட்டி இருந்த இரண்டு வரிசைகள்தான் முதலில் சரிந்தன. ஓரத்தில் இருப்பவைதான் ராத்திரி சீக்கிரம் ஜில்லென்று ஆகும் செல்கள். "வெயில் வந்தா சரியாயிடுமா அண்ணா?" என்று கேட்டார். ஆகாது என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பேட்டரிக்கு அவர் மூன்று வார டெலிவரிச் சம்பளத்தைக் கொடுத்திருந்தார்.

மின்சைக்கிளில் வரும் 18650 என்ற சாதாரண உருளை செல்லின் தொழில்நுட்பத் தாளை எடுத்துப் பார்த்தால், இறக்கும் வெப்பநிலை மைனஸ் 20 முதல் 60 டிகிரி வரை, ஏற்றும் வெப்பநிலை 0 முதல் 45 வரை என்று இரண்டு வெவ்வேறு எல்லை போட்டிருப்பார்கள். நல்ல பேட்டரியில் உள்ளே இருந்து செல்களைக் காவல் காக்கும் பி.எம்.எஸ். சர்க்யூட் வெப்பநிலையைப் பார்த்து, குளிராக இருந்தால் சார்ஜை ஏற்றுக்கொள்ளாது. மலிவுப் பேட்டரிகள் பலவற்றில் அந்தக் காவல் கிடையாது. சார்ஜரில் சிவப்பு விளக்கு எரியும், பச்சையாகும், எல்லாம் ஒழுங்காக நடந்த மாதிரியே தெரியும். அதனால் சார்ஜர் விளக்கை நம்பி முடிவெடுக்காதீர்கள், பேட்டரியின் மேல் கை வைத்துப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் சார்ஜ் வேண்டாம்.

வெளியிலிருந்து வந்ததும் பேட்டரியைக் கழற்றி உள்ளே கொண்டுவந்து, துணியால் துடைத்து, மூன்று மணி நேரமாவது சும்மா விடுங்கள். மேல் ஓடு சீக்கிரம் சூடாகிவிடும், உள்ளே நடுவில் இருக்கும் செல்கள் அறை வெப்பத்துக்கு வர நேரம் எடுக்கும். இன்னொன்று, வெளிக்குளிரிலிருந்து வந்த எந்தப் பொருளின் மேலும் வீட்டுக் காற்றின் ஈரம் முத்து முத்தாகப் பூக்கும், மூக்குக்கண்ணாடி மூடிக்கொள்வது போல. சார்ஜ் ஓட்டையிலும் அது படியும். சாலையில் தூவும் உப்பும் அங்கே சேர்ந்திருந்தால் பித்தளை முனைகள் பச்சை பிடிக்கும். காயவிட்டுத்தான் செருக வேண்டும். சீக்கிரம் சூடாகட்டும் என்று ஹீட்டர் மேல் வைப்பது, ஹேர் டிரையர் பிடிப்பது இரண்டும் கூடாது.

அறை நண்பர்களின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2023 டிசம்பர் 31 அன்று இதே டொராண்டோவில் ஷெப்பர்ட்–யங் நிலையத்தில் சுரங்க ரயிலுக்குள் ஒரு மின்சைக்கிள் தீப்பிடித்தது. அதன் பிறகு நகரப் போக்குவரத்து நிறுவனமான டி.டி.சி. 2024-ல், நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை மின்சைக்கிள்களைத் தன் வண்டிகளிலும் நிலையங்களிலும் கொண்டுவரக் கூடாது என்று குளிர்காலத் தடையே போட்டது. நியூயார்க் நகரமோ 2023 செப்டம்பர் முதல், யு.எல். 2849 என்ற பாதுகாப்புத் தரச்சான்று இல்லாத மின்சைக்கிளையும் யு.எல். 2271 சான்று இல்லாத பேட்டரியையும் விற்கவே கூடாது என்று சட்டம் கொண்டுவந்தது. ஆகவே நண்பர்களிடம் இப்படிப் பேசுங்கள்: பேட்டரியில் அந்தச் சான்று இருக்கிறதா என்று சேர்ந்து பார்ப்போம், அதோடு வந்த சார்ஜர் தவிர வேறு எதையும் செருக மாட்டேன், எல்லோரும் விழித்திருக்கும்போது மட்டும், ஓடு போட்ட தரையில், துணிமணி பக்கத்தில் இல்லாமல், வெளியேறும் கதவுக்குக் குறுக்கே வராத இடத்தில் வைத்துப் போடுவேன், முடிந்ததும் பிடுங்கிவிடுவேன். சான்று இல்லாத பேட்டரியாக இருந்தால், அல்லது கீழே விழுந்தோ உப்பியோ இருந்தால், அவர்கள் பக்கம்தான் நியாயம். அதை வீட்டுக்குள் வைக்காதீர்கள், பால்கனியிலும் வைக்காதீர்கள். நகராட்சியின் அபாயக் கழிவு சேகரிப்பு மையத்தில் கொடுத்துவிடுங்கள். ஏற்கெனவே ஒரு குளிர்காலம் முழுக்கப் பால்கனியில் சார்ஜ் ஆன பேட்டரி என்றால் அதையும் நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். உங்களுடையது இரண்டு மூன்று வாரம்தான் என்கிறீர்கள். யாராவது கடைக்காரரிடம் கொடுத்து ஒரு முறை கொள்ளளவு அளந்து பார்த்துவிடுங்கள்.

இப்போது 55 எப்படி 35 ஆனது என்று பார்ப்போம். மைனஸ் பத்தில் செல் தன் சேமிப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை வெளியே தராது. அந்தப் பங்கு காணாமல் போகவில்லை, உள்ளேதான் இருக்கிறது, சூடானால் தரும். மீதிக் குறைவு சாலையிலிருந்தும் காற்றிலிருந்தும் வருகிறது. டயர் காற்று, வெப்பநிலை ஐந்தாறு டிகிரி இறங்கினால் ஒரு பி.எஸ்.ஐ. அளவு குறையும், அக்டோபரில் அடித்த காற்றை ஜனவரியில் நம்பக் கூடாது. கிரீஸ் இறுகும். ஈரப்பனி டயரைப் பிடித்து இழுக்கும். காற்றே கனமாகிவிடுகிறது: மைனஸ் 20-ல் இருக்கும் காற்று பிளஸ் 20-ல் இருப்பதைவிட 15 சதவீதத்துக்கும் மேல் அடர்த்தி. நீங்கள் போட்டிருக்கும் தடித்த ஜாக்கெட் வேறு அதை வாரிப் பிடிக்கிறது.

இதையெல்லாம்விட டெலிவரி ஓட்டுகிறவர்களை அதிகம் அலறவைப்பது வேறொன்று. போன ஜனவரியில் ஃபிஞ்ச் அவென்யூவில் ஒரு தம்பி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். மைனஸ் 17. திரையில் இரண்டு கட்டை சார்ஜ் இருந்தபோதே சிக்னலில் கிளம்பும் சமயம் பொட்டென்று அணைந்துவிட்டதாம். திரும்பப் போட்டால் வருகிறது, த்ராட்டிலைத் திருகினால் போய்விடுகிறது. பக்கத்துக் காபிக் கடைக்குள் பேட்டரியைக் கொண்டுபோய், அந்தச் சூட்டில் ஒரு மணி நேரம் அவரும் நானும் உட்கார்ந்தோம். மறுபடி மாட்டியதும் வீடு வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அங்கே நடந்ததை எண்ணில் சொன்னால் விளங்கும். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் பேட்டரிக்குக் கொஞ்சம் முன்பின் இருக்கும். 48 வோல்ட் பேட்டரி ஓய்வில் 46 வோல்ட் காட்டுகிறது என்று வையுங்கள். சிக்னலில் கிளம்பும்போது மோட்டார் 20 ஆம்பியர் இழுக்கும். வெயில் காலத்தில் பேட்டரியின் உள்தடை, அதாவது மின்சாரம் வெளியே வர உள்ளேயே இருக்கும் தடை, 0.12 ஓம் என்றால் 2.4 வோல்ட் சரிந்து 43.6-ல் நிற்கும், பிரச்சினையில்லை. கடுங்குளிரில் அதே உள்தடை 0.4 ஓமுக்கு ஏறினால் 8 வோல்ட் சரிந்து 38-க்கு வந்துவிடும். 39 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரி காலி என்று முடிவுசெய்யும்படி மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலருக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அது தன் கடமையைச் செய்து அணைத்துவிடுகிறது. பேட்டரி காலியாகவில்லை, ஒரே மூச்சில் அவ்வளவு தர முடியவில்லை, அவ்வளவுதான்.

அதனால் சிக்னலில் இரண்டு மிதி மிதித்துக் கிளம்பிவிட்டு அப்புறம் மோட்டாரைக் கூப்பிடுங்கள். முதல் இரண்டு கிலோமீட்டர் குறைந்த அசிஸ்ட்டில் ஓட்டுங்கள்; ஓட ஓட அந்த உள்தடையே செல்களைக் கொஞ்சம் சூடாக்கும். ஹோட்டலில் ஆர்டருக்குக் காத்திருக்கும்போது பேட்டரியைக் கழற்றிக் கையோடு உள்ளே எடுத்துப்போங்கள். நியோப்ரீன் உறை போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். போடலாம், ஆனால் உறை சூட்டை உண்டாக்காது, இருக்கிற சூட்டைக் கொஞ்ச நேரம் தக்கவைக்கும். இரவெல்லாம் வெளியில் கிடந்த பேட்டரிக்கு உறை போட்டால் குளிரைத்தான் மூடி வைத்திருப்பீர்கள். அறைச் சூட்டில் இருந்த பேட்டரியை மாட்டி, உறை போட்டு, உடனே கிளம்பினால்தான் பலன். வானிலைச் செய்தியில் "காற்றுக்குளிர் மைனஸ் 30" என்று சொல்வதைக் கேட்டுப் பயப்படவும் வேண்டாம். அது நம் தோலுக்கான கணக்கு. காற்று மைனஸ் 18 என்றால் பேட்டரி மைனஸ் 18-க்குக் கீழே போகாது. காற்றடித்தால் அங்கே சீக்கிரம் போய்ச் சேரும், அதுதான் வித்தியாசம்.

சித்தப்பா காருக்கு வருவோம். அவரிடம் பொய் சொல்லி விற்றுவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். கனடாவின் சி.ஏ.ஏ. என்ற வாகன ஓட்டிகள் சங்கம் 2025 பிப்ரவரியில் ஒட்டாவாவுக்கும் மோன்-ட்ரம்ப்ளானுக்கும் இடையே 14 மின்கார்களை மைனஸ் 7 முதல் மைனஸ் 15 வரையிலான குளிரில் ஓட்டிப் பார்த்தது. அறிவிக்கப்பட்ட ரேஞ்சிலிருந்து 14 முதல் 39 சதவீதம் வரை குறைந்தது. காருக்குக் கார் இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது. அதே மாதிரி அமெரிக்கச் சங்கமான ஏ.ஏ.ஏ. 2019-ல் செய்த சோதனை இன்னும் தெளிவானது. ஐந்து கார்களை ஏறக்குறைய மைனஸ் 7 டிகிரியில் ஆய்வகத்தில் ஓட்டினார்கள். ஹீட்டர் போடாமல் சராசரியாக 12 சதவீதம் குறைந்தது, ஹீட்டர் போட்டதும் 41 சதவீதம். அதாவது ரேஞ்சைத் தின்றதில் பெரும்பங்கு பேட்டரியின் சோர்வு இல்லை, உள்ளே உட்கார்ந்திருக்கும் நம்மைச் சூடாக வைத்திருக்கும் செலவு.

பெட்ரோல் காரில் இந்தச் செலவு கண்ணுக்குத் தெரியாது. எரியும் பெட்ரோலில் பெரும்பகுதி எப்படியும் வெப்பமாக வீணாகிறது, அதில் கொஞ்சத்தைத் திருப்பி உள்ளே விடுகிறார்கள். அப்படியும் பெட்ரோல் கார் நகர ஓட்டத்தில் இதே குளிரில் மைலேஜில் சுமார் 15 சதவீதம் இழக்கிறது, டேங்க் பெரிதாக இருப்பதால் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. மின்மோட்டார் வீணாக்குவது மிகக் குறைவு, அதனால் வெப்பத்தைத் தனியாகக் காசு கொடுத்து உண்டாக்க வேண்டும்.

இதில் சித்தப்பா கவனிக்க வேண்டிய ஒரு சங்கதி: ஹீட்டர் கிலோமீட்டர் கணக்கில் தின்பதில்லை, மணிக்கணக்கில் தின்கிறது. ஹைவேயில் மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும் கார் 20 கிலோவாட் செலவழித்தால், அதோடு 3 கிலோவாட் ஹீட்டர் பெரிய சுமையில்லை. மார்க்கம் ரோட்டு நெரிசலில் சராசரி 25 கிலோமீட்டரில் ஊர்ந்தால் ஓட்டத்துக்கே 4 கிலோவாட்தான் ஆகும். ஹீட்டர் இன்னொரு 4 எடுத்தால் செலவு இரட்டிப்பு. காலையில் பிள்ளையை ஸ்கூலில் விட்டு, கார் ஆறி, மத்தியானம் கடைக்குப் போய், மறுபடி ஆறி, சாயங்காலம் கோயிலுக்குப் போவது என்று துண்டு துண்டாக ஓட்டும்போதுதான் பாதி ரேஞ்ச் காட்டும். ஒவ்வொரு முறையும் உட்புறத்தையும் பேட்டரியையும் முதலிலிருந்து சூடாக்க வேண்டியிருக்கிறது. 450 கிலோ எடையுள்ள பேட்டரியை மைனஸ் 15-லிருந்து பிளஸ் 15-க்குக் கொண்டுவர ஏறக்குறைய 4 யூனிட் மின்சாரம் தேவை. 60 யூனிட் பேட்டரியில் அது 6 சதவீதத்துக்கும் மேல்.

அந்த 4 யூனிட்டைப் பேட்டரியிலிருந்து எடுக்காமல் சுவர் பிளக்கிலிருந்து எடுங்கள் என்பதுதான் என் முதல் யோசனை. கிளம்பும் நேரத்தை ஆப்பில் குறித்து, சார்ஜர் மாட்டியிருக்கும்போதே கார் தன்னைச் சூடாக்கிக்கொள்ளட்டும். சித்தப்பா வீட்டில் சாதாரண 120 வோல்ட் பிளக்தான் என்றால் அதிலிருந்து 1.4 கிலோவாட்டுக்கு மேல் வராது. கடுங்குளிரில் அதில் பெரும்பகுதி பேட்டரியைச் சூடாக வைக்கவே போய்விடும், இரவு முழுக்க மாட்டியும் கிலோமீட்டர் ஏறாது. கார் பழுதென்று சர்வீஸுக்கு ஓடுகிறார்கள், பழுது ஒன்றுமில்லை. 240 வோல்ட் இணைப்பு போட்டுக்கொள்வது இந்த ஊரில் செலவுக்குத் தகுந்த வேலை. ஓட்டும்போது இருக்கைச் சூட்டைப் போட்டுக்கொண்டு உட்புறச் சூட்டைக் கொஞ்சம் குறைக்கலாம். இருக்கை நூறு வாட்டுக்குள் முடித்துவிடும். அடுத்த கார் வாங்கினால் ஹீட் பம்ப் இருக்கிறதா என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். வெளிக் காற்றிலிருந்து வெப்பத்தை இறைத்து உள்ளே தருவதால் ஒரு யூனிட்டுக்கு இரண்டு மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும். மைனஸ் 20-க்குக் கீழே அதுவும் தளர்ந்துவிடும்.

ஃபாஸ்ட் சார்ஜரில் நிற்கும்போதும் பால்கனி விதிதான், ஆனால் கார் உங்களைவிட ஜாக்கிரதை. பேட்டரி குளிர்ந்திருந்தால் எவ்வளவு பெரிய சார்ஜராக இருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உள்ளே விடும். 2024 ஜனவரி நடுவில் சிகாகோவில் கடும் குளிர் வந்தபோது டெஸ்லா சார்ஜர்களில் கார்கள் வரிசையில் நின்று அப்படியே அடங்கிப்போன படங்களை எல்லோரும் பார்த்தோம். சார்ஜ் மிகவும் இறங்கிய நிலையில், பேட்டரியைச் சூடாக்காமல் வந்த கார்கள் ஒவ்வொன்றும் அதிக நேரம் எடுத்தன. வரிசை நீண்டது. வரிசையில் நின்றவர்கள் ஹீட்டரை ஓட்டி மிச்சத்தையும் தீர்த்தார்கள். குளிருக்குப் பெயர்போன நார்வேயில் 2024-ல் விற்ற புதுக் கார்களில் 88.9 சதவீதம் முழு மின்கார்கள். அங்கே ஜனங்களுக்குப் பழக்கம் வந்துவிட்டது, வீட்டில் பிளக் இருக்கிறது. சித்தப்பா செய்ய வேண்டியது, சார்ஜர் இருக்கும் இடத்தைக் காரின் மேப்பில் இலக்காகப் போட்டுவிட்டு ஓட்டுவது. பெரும்பாலான புதுக் கார்கள் போகும் வழியிலேயே பேட்டரியைச் சூடாக்கிவிடும். அப்புறம், 20 சதவீதத்துக்குக் கீழே இறங்க விடாமல் பார்த்துக்கொள்வது. எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி உள்ள கார் என்றால் இரண்டிலும் இன்னும் கவனம் வேண்டும். அந்த வகை குளிரில் அதிகம் சுணங்கும், மிச்ச சதவீதத்தைக் கணிப்பதிலும் தடுமாறும்.

நடுவழியில் பனியில் மாட்டினால் என்ன என்று பயந்திருந்தீர்கள். நின்ற காரில் உட்புறம் ஒரு முறை சூடான பிறகு அதைத் தக்கவைக்க 2 கிலோவாட் போல ஆகும். 60 யூனிட் பேட்டரியில் 60 சதவீதம் இருந்தால் 18 மணி நேரம் தாங்கும், புகை கிடையாது, உள்ளே கார்பன் மோனாக்சைடு சேரும் ஆபத்தும் கிடையாது. பனிப்புயலில் ஹைவேயில் நிற்க நேர்ந்தால் நான் மின்காரிலேயே இருக்க விரும்புவேன்.

அப்பாவின் ஸ்கூட்டருக்கு வருகிறேன். ஊட்டியில் டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில் பூஜ்ஜியத்தைத் தொட்டு உறைபனி விழுகிறது; பகலில் ஏறிவிடும். இங்கே இருக்கிற மாதிரி மாதக்கணக்கில் குளிர்ந்தே கிடக்காது. தாராளமாக வாங்கலாம். பேட்டரிக்குச் சென்னை, மதுரை வெயில் செய்யும் கெடுதலில் பாதிகூட ஊட்டிக் குளிர் செய்யாது. வெயிலில் முழு சார்ஜோடு நிற்கும் பேட்டரி சும்மா நின்றே கிழடாகும், குளிரில் நிற்கும் பேட்டரி தூங்கும். சார்ஜ் போடும் நேரத்தை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். விடியற்காலை உறைபனியில் வேண்டாம், சாயங்காலம் மார்க்கெட்டிலிருந்து ஓட்டி வந்து இறங்கியதும், பேட்டரி வெதுவெதுப்பாக இருக்கும்போதே போட்டுவிடலாம்.

மலைக்காரருக்கென்று இன்னொன்று இருக்கிறது, கடையில் சொல்வார்களா தெரியாது. மின்வண்டி இறக்கத்தில் வரும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வேகத்தைப் பிடித்துக்கொண்டு பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும். பேட்டரி நூறு சதவீதம் நிறைந்திருந்தால் அதை வாங்கிக்கொள்ள இடமிருக்காது. குளிர்ந்திருந்தால் வாங்கிக்கொள்ளக் கூடாது, அதுவும் சார்ஜ்தானே. இரண்டு நிலையிலும் வண்டி அந்தப் பிடியைத் தளர்த்திவிடும். மார்கழி விடியலில், ராத்திரி முழுக்க ஏற்றிய நூறு சதவீதத்தோடு, குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறக்கத்தில் கிளம்பினால் இரண்டும் ஒன்றாகச் சேரும். தினமும் மோட்டாரே பிடித்து இறக்கிய வண்டி அன்றைக்குப் பிடியில்லாமல் ஓடும், பிரேக் மட்டும்தான் துணை. இறக்கத்தில் போகிற நாளுக்கு 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தச் சொல்லுங்கள், முதல் வளைவுக்கு முன்னாலேயே இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.